மூக்கு குத்தாத கார்

முதலிலேயே கையெடுத்துக் கும்பிட்டு விடுகிறேன். இந்த வாரம் நான் எழுதப்போவது காரைப் பற்றி.

எனக்கு என்ன தகுதி? ஒன்றும் கிடையாது. எட்டாம் கிளாஸ் வரை படித்தவள். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கார் முன்னால் போகும், சில சமயம் பின்னாலும் போகும் — என் ஞானம் அவ்வளவுதான். போன மாதம் எலுமிச்சை ஊறுகாய் பற்றி எழுதியதற்கே, உப்பு அளவு தப்பு என்று வாசகிகள் கடிதம் போட்டுப் பிடித்துக்கொண்டார்கள். இந்த வாரம் மெக்கானிக்குகள் வருவார்கள். வரட்டும்.

நேரில் எனக்குப் பேச வராது என்பது உங்களுக்குத் தெரியும். நாலு பேர் நிற்கிற இடத்தில் என் வாய் தானாகப் பூட்டிக்கொள்ளும். பேனாவைப் பிடித்தால் மட்டும் எங்கிருந்தோ ஒரு திமிர் வந்துவிடுகிறது. அந்தத் திமிரை நம்பித்தான் இந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சரி, விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்காரர் காளை வாங்கப் போனார்.

கேரள எல்லைக்குள்ளே, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கடலைக்காடும் கொஞ்சம் நெல்வயலும் இருக்கிறது. உழவுக்கு ஒரு ஜோடி காளை வேண்டியிருந்தது. நேராகச் சந்தைக்குப் போயிருந்தால் இந்த வாரம் நீங்கள் நிம்மதியாக ரசப்பொடி பற்றிப் படித்துக்கொண்டிருப்பீர்கள். இவர் என்ன செய்தார்? "சூரியநெல்லியில சிநேகிதன் ஊட்டுல ஒரு நாள் தங்கிட்டு, அப்படியே சந்தைக்குப் போயிர்றேன்" என்று கிளம்பினார். சூரியநெல்லி எந்தத் திசை, சந்தை எந்தத் திசை? கேட்டால் கோபம் வரும். கேட்கவில்லை.

அங்கே தேயிலை எஸ்டேட் மேனேஜர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறாராம். தன்னுடைய காரை விற்கிறாராம். சீமையிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார்.

மூன்றாம் நாள் எங்கள் வாசலில் சிவப்பாக ஒன்று வந்து நின்றது. காளை இல்லை.

எப்படிச் சொல்வது... இரண்டே சீட்டு. மேலே கூரை கிடையாது. மூக்கு மட்டும் ஒரு கட்டில் நீளம். தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தது. மற்றக் கார்களில் ஏறுவோம் இல்லையா? இதில் கிணற்றுப் படியில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். ஓட்டிக்கொண்டு வந்த எஸ்டேட் டிரைவர் செல்லையா தெற்கத்திக்காரர். கிளம்பும்போது இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, இத மெதுவா மட்டும் ஓட்டிராதீக. கோவிச்சுக்கிடும்" என்றார். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போகிற முகம்.

எங்கள் வீட்டுக்காரர் அதுவரை ஓட்டியது இரவல் டிராக்டர்.

"காளை எங்கீங்க?" என்று அவர் காதோடு கேட்டேன்.

"இதுல எத்தனை குதிரை இருக்குது தெரியுமா அம்மிணி?" என்றார்.

குதிரையை வைத்துக் கடலைக்காடு உழ முடியுமா என்று கேட்டிருக்கலாம். வாசலில் ஊரே நின்றது. என் வாய் பூட்டிக்கொண்டது.

வண்டி வாங்கினால் பூஜை போட வேண்டுமே. மாரியம்மன் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனார். பூசாரி சந்தனம் வைத்தார், எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். கற்பூர வெளிச்சத்தில் அந்தச் சிவப்பு பளபளத்ததா... இவருக்கு ஆவேசம் வந்துவிட்டது. கைகளைத் தலைக்குமேல் கூப்பிக்கொண்டு, ஊர் கேட்கச் சொன்னார்:

"ஆத்தா! காளை வாங்கப் போனவனுக்கு நீ இதைக் குடுத்தே. இது உனக்கு நேந்து விட்ட காளையாத்தா. மூக்கு குத்த மாட்டேன். இதும்மேல ஒரு ஆணி எறக்க மாட்டேன்!"

பூசாரி மணியை அடித்து, "ஊரு கேட்டுக்குங்க!" என்றார். ஊர் கேட்டுக்கொண்டது.

எங்கள் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கோயிலுக்கு நேர்ந்து விட்ட காளைக்கு மூக்கு குத்தமாட்டார்கள். மூக்கணாங்கயிறு கிடையாது, ஏர் கிடையாது, வண்டி கிடையாது. எவன் காட்டிலும் மேயலாம். யாரும் கை ஓங்கக் கூடாது. ஊரே அதற்குக் காவல். ஆக, எங்கள் வீட்டில் இப்போது பெட்ரோல் குடிக்கிற கோயில் காளை ஒன்று.

ஒன்று கவனித்தீர்களா? எனக்குக் காதில் இந்தப் பக்கம் இரண்டு ஓட்டை, அந்தப் பக்கம் இரண்டு ஓட்டை, மூக்கில் ஒன்று. எல்லாம் என்னைக் கேட்காமல் போட்டது. என்னை யாரும் எந்தக் கோயிலுக்கும் நேர்ந்து விடவில்லை.

முதல் சவாரி பொள்ளாச்சிக்கு என்று முடிவாயிற்று. அங்கே இவருடைய தங்கை சரசு இருக்கிறாள். அண்ணன் காரில் வந்து இறங்குவதைத் தங்கை பார்க்க வேண்டாமா? இவர் மட்டும் கிளம்பினார். போன வேகத்தில் திரும்பி வந்தார்.

பார்டர் செக்போஸ்ட்டில் கான்ஸ்டபிள் நிறுத்திவிட்டாராம்.

"சேட்டா, முன்பில் நம்பர் எவிடெ?"

முன் நம்பர் இருக்கிறது. அந்த மேனேஜர் மூக்கின்மேலேயே பெயிண்டில் எழுதி வைத்திருந்தார். ஆனால் அந்த மூக்கு தட்டையாகச் சரிந்த மூக்கு. எழுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்டுக்குள் யார் கேட்கப்போகிறார்கள்? இவர் இறங்கி, "இங்க இருக்குதுங்களே" என்று காட்டியிருக்கிறார்.

கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்தார். பிறகு ஆகாயத்தைப் பார்த்தார். "இது ஆருக்கு வாயிக்கான்? ஏரோப்ளேன்காரனுக்கோ?"

யார் படிப்பதற்கு என்று கேட்கிறார். நியாயமான கேள்விதானே? ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நிற்கிற மாதிரி முன்னால் ஒரு போர்டு மாட்டிக்கொண்டு வா, இல்லாமல் இந்த வழி வந்தால் வண்டி இங்கேயேதான் கிடக்கும் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்.

இவர் அடங்கினாரா? மறுநாள் பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போய், தங்கை வீட்டில் உட்கார்ந்து காரைப் பற்றிப் பீற்றிவிட்டு வந்தார். பஸ்ஸில் போய்!

வினை அங்கேதான் பிடித்தது. சரசுவின் மகள் வள்ளி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வயது ஐந்துதான். வாய் அவள் மாமனுக்கு அக்கா.

வள்ளிக்குக் காது குத்து வைத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில். காது குத்தென்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். அது எங்களுக்குச் சட்டம் மாதிரி. சரசுவின் மூத்த பையனுக்குக் காது குத்தியபோது நாங்கள் போன பஸ் வழியில் படுத்துவிட்டது. நல்ல நேரம் தாண்டுகிறதென்று, யாரோ ஒரு பங்காளியின் மடியில் பையனை வைத்துக் குத்திவிட்டார்கள். நாங்கள் சீர்த்தட்டோடு போய் நின்றபோது சாப்பாட்டு இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். சரசு எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போனவள்தான். அந்த வருஷப் பொங்கல் சீரைத் திருப்பி அனுப்பினாள். பிறகு எப்படியோ பேச்சு வந்தது. ஆனால் ஒட்டுப்போட்ட பேச்சு.

இப்போது அவள் ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்: "வள்ளி, மாமன் செவப்புக் கார்ல வந்தாத்தான் காதைக் காட்டுவேன்னு அடம்புடிச்சு உக்காந்திருக்கறா. அடிச்சும் பாத்தாச்சு. அண்ணனே வாயைக் குடுத்தாரு, அண்ணனே கொண்டுவரட்டும். இந்தத் தடவையும் மடி காலியா இருந்துச்சுன்னா எனக்கு அண்ணனே இல்லைன்னு நெனச்சுக்கறேன்."

இவர் அதைக் கேட்டுவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அப்புறமும் துடைத்துக்கொண்டேயிருந்தார்.

ஆக, வெள்ளிக்கிழமைக்குள் காரின் முன்னால் போர்டு நிற்க வேண்டும். ஓட்டை போடக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு. எட்டாம் கிளாஸில்கூட இதைவிடச் சிக்கலான கணக்கெல்லாம் போட்டிருக்கிறேன்.

போர்டு எழுதுவது சுலபமாக முடிந்தது. கறுப்புத் தகட்டில் வெள்ளை எழுத்து, அம்சமாக. மாட்டுவதற்கு மெக்கானிக் பழனான் வந்தான்.

"ரெண்டே ரெண்டு ஓட்டைங்க. கொய்யாப்பழத்துல குச்சி குத்தற மாதிரி" என்று கையால் சுற்றுகிற டிரில்லை எடுத்தான்.

எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆப்பரேஷன் தியேட்டர் வாசலில் நிற்கிற மாதிரி நின்றார். அந்த நேரம் பார்த்துப் பூசாரி மோர் வாங்க வந்தார்.

"என்றா பழனா... ஆத்தா காளைக்கு மூக்கா குத்தறே?"

பழனான் டிரில்லைக் கீழே வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான். "எனக்கு ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதுங்க சாமி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஆரு பாக்கறது?"

"பரவால்லே உடு பழனா, உன்மேல தப்பில்லே" என்றார் எங்கள் வீட்டுக்காரர். குரலில் என்ன ஒரு சந்தோஷம்! அம்மனுக்குப் பயந்தாரா, பெயிண்டுக்குப் பயந்தாரா... எனக்குத் தெரியும். அம்மனுக்கும் தெரிந்திருக்கும்.

அதற்குப் பிறகு பழனான் வண்டியைத் தொடவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. மாட்டுக் கொட்டகையில் காருக்கு எதிரே கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து யோசனை சொல்ல ஆரம்பித்தான். கூடவே பூசாரி. போகிறவன் வருகிறவன் எல்லாம். நான் காப்பி போட்டுக்கொண்டேயிருந்தேன்.

முதல் யோசனை காந்தம். மைக்செட்காரர் ஒரு செத்துப்போன ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். நல்ல கனம். டிரில் வேண்டாம், ஆணி வேண்டாம். போர்டின் பின்னால் வைத்து மூக்கு நுனியில் ஒட்டினால் தீர்ந்தது. எல்லோரும் நெருங்கி நின்றார்கள். வைத்தார். கையை எடுத்தார்.

சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு அவர் கால்விரலில் விழுந்தது.

இன்னொரு இடத்தில் வைத்தார்கள். அங்கேயும் விழுந்தது. பழனானுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வந்து விரலை மடக்கித் தட்டிப் பார்த்தான். டங்ங்...

"ஏனுங்க, இது இரும்பே இல்லீங்க. அலுமினியம்! நம்மூட்டுச் சோத்துக் குண்டா மாதிரி!"



"அப்ப அடுப்புல வெச்சா உருகிப்போயிருமாங்க?" என்று ஒருவர் கேட்டார். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஊரில் அதற்குக் குண்டாக் கார் என்று பெயர். இவர் ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சோற்றுக் குண்டாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரித்தால் சாப்பிட மாட்டார்.

அடுத்தது மைதாப் பசை. டூரிங் டாக்கீஸில் போஸ்டர் ஒட்டுகிறவர் ஒரு டின் நிறையக் கொண்டுவந்தார். "மழையிலயும் உரியாதுங்க. செவுரு விழுந்தாலும் போஸ்டர் நிக்கும்" என்று கியாரண்டி கொடுத்தார். கெட்டியாகப் பூசிப் போர்டை ஒட்டி, காயட்டும் என்று கொட்டகையில் விட்டுவிட்டு எல்லோரும் சாப்பிடப் போனார்கள்.

கொட்டகை யாருடையது? எருமையுடையது. மைதா மாவு வாசம் அதற்குத் தெரியாதா? திரும்பி வந்து பார்த்தபோது போர்டு சாணியில் கிடந்தது. காரின் மூக்கு நன்றாக நக்கித் துடைத்த மாதிரி மின்னியது. பூஜை அன்றைக்குக்கூட அப்படி மின்னவில்லை.

இதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. இவர் காலைப் பலகாரம் சாப்பிடவில்லை. "பஸ்ஸுல போனா என்னங்க" என்று மெல்லக் கேட்டேன். "கொழந்தை காதைக் காட்ட மாட்டாளே அம்மிணி" என்றார். அப்போதுதான் கவனித்தேன், மனுஷருக்குக் குரல் உடைந்திருந்தது. காரைப் பற்றிய கவலை இல்லை அது. தங்கை உள்ளே போன அந்தக் காட்சி அவருக்கு மறக்கவில்லை.

வெளியே இருந்து பூசாரி குரல்: "மூக்கு குத்தாத மாட்டை உழவுக்கு ஓட்டுனா என்ன பண்ணுவோம்?"

"வாய்க்கூடை!" என்று பழனான் துள்ளி எழுந்தான்.

கடலைக்காட்டில் உழும்போது மாடு செடியைக் கடிக்காமல் இருக்க, கயிற்றில் பின்னிய கூடை ஒன்றை வாயில் மாட்டி, கொம்புக்குப் பின்னால் கட்டுவோம் அல்லவா? அதுதான். காருக்கு வாய் இருக்கிறது, முன்னால் 'ஆ' என்று திறந்துகொண்டு. அதன்மேல் கூடையைக் கவிழ்த்து, கயிற்றை இரண்டு பக்கமும் இழுத்துச் சக்கரத்துக்கு உள்ளே கட்டி, கூடையின்மேல் போர்டை வைத்துத் தைத்தார்கள். கூடை சிறிசாக இருந்ததால் இரண்டு கூடை. இடைவெளி தெரியக் கூடாதென்று நடுவில் ஒரு சாக்கு.

ஆணி இல்லை. ஓட்டை இல்லை. போர்டு ரோட்டைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. ஆண்கள் ஒருவரையொருவர் முதுகில் தட்டிக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். அந்த வாய் எதற்காகத் திறந்திருக்கிறது? சும்மாவா திறந்து வைத்திருப்பான் சீமைக்காரன்? கேட்கலாமா... இத்தனை ஆண்கள் நிற்கிறார்களே.

வெள்ளோட்டம் கிளம்பினார்கள். வாய்க்கால் பாலம் வரைகூடப் போகவில்லை. மூக்குக்குள்ளிருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை. காற்றுப் போகிற வழியை அடைத்தால் ரேடியேட்டர் கொதிக்காமல் என்ன செய்யும்? கார் உடம்பெல்லாம் ஆட ஆரம்பித்தது. பாலத்தடியில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள், "ஐயோ, ஆத்தா வந்துட்டா! சாமியாடுது!" என்று ஈரத் துணியோடு எழுந்து கும்பிட்டார்களாம். ஒருத்தி குறிகூடக் கேட்டாளாம்.

காளை வாங்கியிருந்தால் இரண்டு காளைகளைப் பூட்டி இழுத்து வந்திருக்கலாம். அதுவும் இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் மாட்டை இரவல் வாங்கி இழுத்து வந்து கொட்டகையில் நிறுத்தினார்கள். இவர் காருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தங்கச்சி இல்லைன்னு ஆயிப்போச்சு" என்றார். யாரிடமும் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

அப்போதுதான் எங்கள் கறுப்புக் கோழி கத்தியது.

அது இரண்டு நாளாகக் காரின் அடியில்தான் முட்டை வைக்கிறது. எடுக்கப் போனேன். கார் தரையோடு ஒட்டியதாயிற்றே, காது மண்ணில் படக் குனிந்தால்தான் முட்டை தெரியும். குனிந்தேன். முட்டை தெரிந்தது. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மூக்குக்கு அடியில், இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று, கட்டைவிரல் தடிமனில் இரண்டு போல்ட்டுகள். எதையும் பிடிக்காமல் சும்மா நின்றன. ஒரு காலத்தில் அங்கே பம்பர் இருந்திருக்க வேண்டும். யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

இனி என்ன? சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது? பழனான், பூசாரி, மைக்செட்காரர், போஸ்டர்காரர்... எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு வழி உண்டு. ஆண்களுக்கு யோசனை சொல்ல மாட்டோம். கோழிக்குச் சொல்வோம். நாய்க்குச் சொல்வோம். கொடியில் காய்கிற துணிக்குக்கூடச் சொல்வோம். யாருக்குப் போக வேண்டுமோ அவருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். தபால்காரர் தோற்றார்.

கோழியைப் பார்த்துக் குரலை எடுத்தேன்.

"ஏன்டீ, உனக்கு முட்டை வெக்க வேற எடமே கெடைக்கலியா?"

யாரும் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக:

"கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? பழைய பம்பரு புடிச்ச போல்ட்டு ரெண்டும் ரெண்டு பக்கமும் துருத்திட்டு நிக்குது, அதுல தலையை இடிச்சுட்டுப் போய் உக்காரோணுமா? அந்தப் போல்ட்டு, ஒரு இரும்புப் பட்டையை மாட்டிப் போர்டை நிறுத்தறதுக்கு ஆகும். முட்டை வெக்கறதுக்கு ஆகுமாடீ?"

கோழிக்கு ஒன்றும் புரியவில்லை. பாவம், அது என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

பழனான் மெதுவாக எழுந்தான். அப்படியே குப்புறப் படுத்துக் காருக்கடியில் தலையை விட்டான். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"நான் அப்பவே சொல்லலீங்களா, அடியில பாக்கோணும்னு?"

"நானே நேத்து நெனச்சேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர்.

"ஆத்தா காட்டிக் குடுத்தா" என்றார் பூசாரி.

கோழிக்குக்கூட யாரும் நன்றி சொல்லவில்லை.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. பட்டறையில் இரண்டு இரும்புப் பட்டையை வளைத்து வந்தார்கள். ஒரு முனை அடியில் இருக்கும் போல்ட்டில் மாட்டி நட்டு முடுக்கினார்கள். மறுமுனை மேலே வந்து போர்டைப் பிடித்துக்கொண்டது. காற்றுப் போகிற வாய்க்குக் கீழே, ரோட்டைப் பார்த்து, கம்பீரமாக நின்றது போர்டு. காரில் ஒரு கீறல் இல்லை. "இது ஆணி எறக்குன கணக்கில வருமா?" என்று ஒரு கேள்வி எழுந்தது. பூசாரி கண்ணை மூடி யோசித்தார். "இல்லே. இது பொறக்கறப்பவே இருந்த போல்ட்டு. நாம குத்துனது இல்லே" என்று தீர்ப்பாயிற்று.

வெள்ளிக்கிழமை காலை கிளம்பினோம். என் மடியில் சீர்த்தட்டு, தட்டின்மேல் பழம், பழத்தின்மேல் என் இரண்டு கைகள். கூரையில்லாத காரில் போனவர்களுக்குத் தெரியும் — கொண்டை என்று ஒன்றைப் போட்டது பார்டர் வரும்போது நினைவில் மட்டும்தான் இருக்கும். செக்போஸ்ட்டில் அதே கான்ஸ்டபிள். குனிந்து நம்பரை எழுத்துக்கூட்டிப் படித்தார். "ஆ... இப்போள் மனுஷன்மார்க்கு வாயிக்காம்" என்று கையை அசைத்து விட்டுவிட்டார்.

கோயிலுக்கு நல்ல நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். சரசு ஓடி வந்தாள். என் தலையைப் பார்த்துவிட்டு, "என்னுங்க நங்கை, நடந்தா வந்தீங்க?" என்றாள். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்பார்கள். வள்ளி காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

இவர் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். இருந்தாரா? வந்தவர் போனவரையெல்லாம் காரின் முன்னால் நிறுத்தி, "பாருங்க மாப்பிள்ளை, ஒரு ஓட்டை போடலே! ஒரே ஒரு ஓட்டைகூட!" என்று விளக்கினார். கேட்டவர்களில் வள்ளியும் ஒருத்தி.

மடியில் உட்கார வைத்தார்கள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்து, காதைப் பிடித்துப் பார்த்தார். வள்ளி தலையைத் திருப்பினாள்.

"மாமா, காருக்கு ஏன் ஓட்டை போடலே?"

"அது... அழகு கெட்டுப்போயிருமில்ல கண்ணு."

"எனக்குக் கெடாதா?"

ஆசாரியின் கை நின்றது. சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கினார்கள். இவர் துண்டைத் தேடினார்.

"உனக்குத் தோடு போடோணுமில்ல சாமி? ஓட்டையில்லாம எப்படிப் போடறது?"

"போர்டை மட்டும் ஓட்டையில்லாம மாட்டுனீங்கல்ல? எனக்கும் போல்ட்டுல மாட்டுங்க!"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? நான் இத்தனை நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். பதில் கிடையாது.

"இதா பாரு கண்ணு, மாமனுக்கும் சின்னதுல குத்துனதுதான்" என்று இவர் தன் காதைக் காட்டினார். வள்ளி இழுத்துப் பார்த்தாள். சின்ன வயதில் கடுக்கன் போட்ட ஓட்டை தூர்ந்துபோய் எத்தனையோ வருஷம்.

"ஓட்டையே காணோம். பொய்யி! மாமனுக்குக் குத்துங்க, அப்பறம் எனக்கு" என்று மடியிலிருந்து வழுக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.

மடி காலியாகிக்கொண்டிருந்தது.

"அண்ணா..." என்றாள் சரசு.

இவர் தங்கையைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். அப்புறம், அத்தனை கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். "என்ன பண்ணட்டும் அம்மிணி?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒரு கோழி, ஒரு நாய், எதுவும் இல்லை அங்கே. கொடியில் ஒரு துணிகூடக் காயவில்லை.

"குத்திக்குங்க" என்றேன்.

நாலு பேர் முன்னால் நான் சொன்ன முதல் வார்த்தை. சத்தமாகவே வந்தது.

ஆசாரி சட்டென்று இவர் காதைப் பிடித்தார். எங்கள் காருக்கு ஹார்ன் அவ்வளவாக வேலை செய்யாது. அன்றைக்கு அந்தக் குறை தீர்ந்தது. மரத்தில் இருந்த காக்காயெல்லாம் எழுந்து பறந்தன. வள்ளி சிரித்தாள் பாருங்கள்... வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாமன் மடியிலேயே சாய்ந்து சிரித்தாள். ஆசாரி தொழில் தெரிந்தவர். அந்தச் சிரிப்பிலேயே ஒரு காதை முடித்துவிட்டார். இரண்டாவது காதுக்கு முறைப்படி அழுதாள். மடியை விட்டு இறங்கவில்லை.

மூக்கைத் துடைத்துவிட்டு, மாமனும் மருமகளும் காதில் மஞ்சளோடு காரில் கோயிலை மூன்று சுற்று சுற்றினார்கள். சரசு எனக்கு இலையில் பாயசம் ஊற்றினாள். நான் போதும் என்று கை காட்டிய பிறகும் ஊற்றினாள். எங்கள் குடும்பத்தில் சமாதானம் அப்படித்தான் வரும்.

திரும்பும்போது செக்போஸ்ட்டில் அந்தக் கான்ஸ்டபிள் போர்டைப் பார்க்கவில்லை. இவர் காதைத்தான் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

மறுநாள் இவருக்குக் காது வீங்கிவிட்டது. கூரையில்லாத காரில் போனால் காற்று காதில் அடிக்குமாம். பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.